நான் மறைக்காமல் விட்ட பெயர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தமிழில் கொடுத்த வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் எழுதுவது என் பொறுப்பு. ஒருநாள் கிள்ளானிலிருந்து ஒரு வாக்குமூலம் வந்தது. வெளிநாட்டில் வேலை என்று பையன்களைக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட ஒருவன் அந்த நாட்டிலேயே பிடிபட்டிருந்தான். அங்கே நடக்கும் வழக்குக்கு இங்கிருந்து சாட்சி கேட்டிருந்தார்கள். அவன் இங்கே ஆள் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் குடியிருந்த பெண்தான் சாட்சி. அவனுடைய அண்ணன் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறார்.

அதனால் நிபந்தனைகளோடுதான் வாக்குமூலம் போக வேண்டும். இந்த வழக்கைத் தவிர வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது, சாட்சி யாரென்று தெரியும் எதுவும் அதில் இருக்கக் கூடாது. மறைக்கும் வேலையும் என்னுடையது.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"என் பேரு அங்க போகாதுல்ல அக்கா?"

"போகாது. ஐசி நம்பர், வீட்டு நம்பர் எல்லாத்தையும் மறைச்சிடுவேன்."

"போனாலும் யாருக்குத் தெரியப்போவுது லா. எங்க ஃப்ளாட்ல பாதிப் பேருக்கு என் பேரே தெரியாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், மாடி, வீட்டு எண் எல்லாவற்றையும் கறுப்பாக்கினேன். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கோப்பு போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, மகளைக் கூட்டிவர நர்சரிக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற ஆசிரியை என் மகளின் பெயரோடு அம்மா என்று சேர்த்து என்னைக் கூப்பிட்டார். தினமும் அப்படித்தான் கூப்பிடுவார். அன்றைக்கு மட்டும் அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

வாக்குமூலத்தின் நாலாவது பக்கம். சாட்சி துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அம்மா அவரைக் கூப்பிட்டு, "இந்த ஆளு என் மகனையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரே" என்று கேட்ட இடம். எப்படிக் கூப்பிட்டார் என்பதையும் அப்படியே எழுதியிருந்தேன், அவர் பிள்ளையின் பெயரோடு அம்மா என்று சேர்த்து. அது எனக்குப் பெயராகவே படவில்லை.

மகளைக் காரில் உட்கார வைத்த பிறகும் வண்டியை எடுக்க முடியவில்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி அந்த நாட்டு அதிகாரிகளுக்கு உடனே எழுத வைத்தார். பக்கத்தை மாற்றிவிட்டோம், ஆனால் அதற்கு முன்பே பிடிபட்டவனின் வக்கீலுக்கு நகல் கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது.

"சாட்சிக்கு நீயே சொல்றியாம்மா, நான் சொல்லட்டுமா?" என்றார். நானே சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் அவருக்குப் போன் செய்யவில்லை. முதல் நாள் மகளுக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் அந்தச் சாக்கும் இல்லை.

மூன்றாம் நாள் மதியம் கூப்பிட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பின்னால் ஒரு சின்னக் குரல் குடிக்க மைலோ கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த ஆளோட அண்ணன் நேத்து லிஃப்ட்ல என்னைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல. எப்பவும் பேசுவாரு" என்றார். பிறகு, "டெங்கில்ல எங்க சித்தி இருக்காங்க. கொஞ்ச நாள் அங்க போய் இருக்கேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். போலீசில் இதைச் சொல்ல வேண்டும், நானும் கூட வருகிறேன் என்றேன். சரி என்றார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப என் பேரு போகல" என்றார் மெதுவாக. "என் மகன் பேருதான் போயிருக்கு. அப்படித்தானே அக்கா?"

ஆமாம் என்றேன். பின்னால் அவன் இன்னும் மைலோ கேட்டுக்கொண்டிருந்தான். அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், "இரு, வரேன்" என்று மட்டும் சொன்னார்.