கறிச்சோற்றில் தோற்ற ஆட்டம்

என் அப்பாவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. எனக்கு ஆவடி. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு சொந்த ஊர் இருப்பது பத்து வயதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

அப்பா கல்யாணத்துக்கு முன்பே ஆவடித் தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்டவர். குவார்ட்டர்ஸ், ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இங்கேதான். ஹாக்கி மட்டும் அங்கேயே இருந்தது. கோவில்பட்டியில் பையன்கள் நடக்கப் பழகுவதே ஸ்டிக்கை ஊன்றித்தான் என்று அடித்துச் சொல்வார். தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்தால், நேரத்துக்குச் சோறு கிடைக்காத பிள்ளைகளைப் பார்ப்பது போல் பரிதாபப்படுவார். இவ்வளவு பேசுகிறவரை, வந்த புதிதில் தொழிற்சாலை அணிக்கு ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். முட்டி வலி என்று மறுத்துவிட்டாராம். முட்டியில் ஒன்றும் கிடையாது, வேறு ஊர் பனியனைப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்று அம்மா சொல்வாள்.

அந்த மறுப்புக்காக அப்பா வருஷக்கணக்கில் கேலி வாங்கினார். முதல் ஆள் எதிர்வீட்டு மாமா. அப்பாவோடு வேலை பார்ப்பவர், ஆவடியிலேயே பிறந்தவர், தொழிற்சாலை அணி ஆடினால் லீவு போட்டுவிட்டுப் போய்க் கத்துகிறவர். அவர் மகளும் நானும் ஒரே வகுப்பு. நான் ஐந்தாவது படிக்கும்போது, எங்கள் தொழிற்சாலை மைதானத்தில் நடந்த போட்டிக்குக் கோவில்பட்டியிலிருந்து ஓர் அணி வந்தது. செய்தி தெரிந்த அன்று மாமா வாசலில் நின்று கேட்டார்:

"இன்னா அண்ணாத்தே, உங்க ஊரு பசங்க வராங்களாமே. ஸ்டிக் எத்துகினு வராங்களா, கடலை மிட்டாய் எத்துகினு வராங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. மைதானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். அந்த அணியும் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவது போல் ஒவ்வோர் ஆட்டமாக ஜெயித்து, இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே தொழிற்சாலை அணி. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். இத்தனை வருஷக் கேலிக்கும் ஒரே நாளில் பதில் சொல்லிவிடலாம் என்று அப்பா நம்பினார்.

குவார்ட்டர்ஸில் கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் ஐந்து இருந்தன. ஊர்ப் பிள்ளைகள் இறுதி ஆட்டத்தன்று கேன்டீன் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இறங்குவதா என்று ஐந்து வீட்டுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு மூன்று பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு, கோல் காக்கிற பையனான கோலியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். அம்மா காலையிலேயே ஆட்டுக்கறி எடுத்துவரச் சொல்லி, குழம்பு, வறுவல், முட்டை, பாயசம் என்று கல்யாண வீடாக்கியிருந்தாள்.

அப்பா அவர்களைச் சாப்பிடவும் விடவில்லை, எழுந்திருக்கவும் விடவில்லை. நீ யார் மகன், எந்தத் தெரு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்கள் அம்மாவை மதினி என்று கூப்பிட்டார்கள். அம்மாவின் பேச்சே மாறிவிட்டது. எங்களோடு பேசும்போது வராத ஓர் இழுப்பு, ஒரு கொஞ்சல், அன்றைக்கு அவள் வாயில் வந்தது. என்னை யாரும் கவனிக்கவில்லை என்ற கோபத்தில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். இன்று அப்பாவும் அம்மாவும் அப்படிப் பேசி ஒருமுறை கேட்க மாட்டோமா என்று ஏங்குகிறேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்களை அடுத்த குடும்பம் வந்து கூப்பிட்டது. அங்கே கை நனைத்துவிட்டு இங்கே வராமல் போனால் எப்படி, ஒரு பிடி மட்டும் என்றார்கள். சொந்தக்காரர்கள் மாதிரி கூப்பிடும்போது எந்தப் பிள்ளை மறுக்கும்? இப்படி ஐந்து வீட்டு ஒரு பிடியும் பதினைந்து வயிற்றுக்குள் போயிற்று. மூன்று மணிக்கு கோலி எங்கள் வீட்டுப் பாயில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பயிற்சியாளர் வந்து திட்டுவார் என்று பார்த்தால், அவரே பக்கத்து வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் அப்பா தன் ஊர்க்காரர்களோடு ஒரு பக்கம் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நானோ என் எதிர்வீட்டுத் தோழியைத் தேடிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடிவிட்டேன். முதல் பாதியில் கோவில்பட்டி ஒரு கோல் போட்டது. அப்பா எழுந்து நின்று துண்டைச் சுற்றினார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. இரண்டாம் பாதியில் கறிச்சோறு வேலையைக் காட்டியது. பந்து ஒரு பக்கம் போனது, பிள்ளைகள் யோசித்து யோசித்து இன்னொரு பக்கம் போனார்கள். தொழிற்சாலை அணி ஒன்று போட்டுச் சமன் செய்தது. கடைசி நிமிஷத்தில் இன்னொன்றும் விழுந்தது. நானும் என் தோழியும் தொண்டை கிழிய ஆவடி, ஆவடி என்று கத்திக்கொண்டு குதித்தோம்.

குதித்துத் திரும்பினால், மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோலியை அல்ல, கோல்கம்பத்தை அல்ல, என்னை.

ஆட்டம் முடிந்து அவர் எங்களிடம் நடந்து வந்தார். எதிர்வீட்டு மாமா கேலியை ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடு அண்ணாத்தே, பசங்க நல்லாத்தான் ஆடுனாங்கோ" என்று தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். அப்பா குனிந்து, என் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"உன் ஊரு ஜெயிச்சிருச்சு, பாப்பா."

பாராட்டுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. மைதானத்தில் ஆட்டக்காரர்கள் கை குலுக்குவதைப் பார்த்து நானும் கையை நீட்டினேன். அப்பா பிடித்துக் குலுக்கினார், வெகுநேரம் விடவில்லை. கோப்பை போன வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து, அவருக்கு ஆறுதலாக, "அடுத்த வருஷம் உங்க ஊரு ஜெயிக்கும்பா" என்றேன்.