கல்லைக் கழற்றச் சொன்ன பல்வைத்தியர்

இனி நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. கழுத்துப்பட்டி கட்டி, எழுந்து நின்று, அந்த உறுதியை முதலில் தந்துவிடுகிறேன். என் வாய்க்கு ஊரில் இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியும். மழை வரப்போகிறது என்று நான் சொன்னால் அயலட்டைச் சனம் நெல்லைக் கொண்டுவந்து முற்றத்தில் காயவிடும்.

செய்தி வந்த நேரம் சாவகச்சேரிச் சந்தையில் ஒரு பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணப் பழமல்ல, உள்ளே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம். அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

“தம்பி, அத்தான் போட்டாரடா.”

“எங்கை? திரும்பவும் ஆத்துக்கோ?”

“இல்லையடா. விடியத் தேத்தண்ணியோடை போய் எழுப்பினன். எழும்பேல்லை.”

பழத்தை வியாபாரியின் கையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழி நெடுக என் வாயில் ஒரு பொய்கூட வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல்வைத்தியர் ஜெபநாயகம் என் அக்கா ரஞ்சியின் கணவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் பல்லுப் பிடுங்கி ஓய்வு பெற்றவர். மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளை. ஊரெல்லாம் வாயைத் திறக்க வைத்த மனிதர், தன்னுடையதை ஞானப்பாட்டுக்கும் சோற்றுக்கும் மட்டுமே திறப்பார். அவர் பிடுங்கிய பற்களை வரிசையாக அடுக்கினால் கீரிமலையிலிருந்து கொழும்புக்கு இன்னொரு றெயில் பாதை போடலாம்.

அடக்க ஆராதனையில் தேவராசா பேசினார். இவர் அத்தானின் சின்னம்மாவின் மகன், ரொறன்ரோவாசி. கறுத்தக் கண்ணாடியைக் கழற்றாமல், ஒலிவாங்கியை விழுங்குகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அண்ணைக்கு நான் எல்லாம் வாங்கிக் குடுத்தனான். பாவம் அண்ணை, ஒரு மிதவையைத்தன்னும் சுத்தாமல் கண்ணை மூடிட்டார்.”

சனம் உச்சுக் கொட்டியது. எனக்கோ பழஞ்சோற்றுக்குள் கரப்பான் பூச்சி நீந்துவதைக் கண்டவனின் நிலை. பூமாலை வாசத்தையும் மீறி அந்தப் பேச்சு நாறியது. அன்று மாலை அக்கா என்னைக் கூப்பிட்டு, “நினைவு மலருக்கு நீயும் ஏதேன் எழுது. பொய் எழுதாதை,” என்றாள். என்னால் முடிந்தவரை முயல்கிறேன்.

அத்தானுக்கு அந்த மிதவை வருத்தம் தொற்றியது மகளைப் பார்க்க மெல்பேணுக்குப் போன இடத்தில்தான். அங்கே ஓர் ஆற்றில் ஒற்றைப் பலகையில் இரண்டு கால்களையும் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொண்டு, ஒரு படகு கயிற்றில் இழுக்க, தண்ணீருக்கு மேல் நின்று சறுக்குகிறார்கள். படகு நேர்கோட்டில் போகும். பின்னால் வருகிறவர் இந்தப் பக்கத்து மிதவையைச் சுற்றி, படகு எழுப்பும் அலையைக் குறுக்கே வெட்டி, அந்தப் பக்கத்து மிதவையைச் சுற்றி, வளைந்து வளைந்து போகவேண்டும். மருமகன் பழக்கிவிட்டார். அத்தான் எழும்பி நிற்கப் பழகிக்கொண்டார். மிதவை மட்டும் பிடிபடவில்லை. அதற்குள் விசா முடிந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் முழங்கால் மக்கர் பண்ணியது. ஒரு பின்னேரம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“வைகாசியிலை முழங்காலை மாத்தப்போகினம், மச்சான். மாத்தினாப் பிறகு பலகையிலை ஏற விடமாட்டினம். அதுக்கு முதல் தொண்டைமானாத்திலை ஒரு மிதவை. ஒண்டு காணும்.”

“அத்தான், அதுக்கை முதலை கிடக்கு.”

“அதுக்கும் பல்லுத்தானே,” என்றார்.

இந்தச் செய்தி ரொறன்ரோவுக்கு எப்படிப் போனதோ தெரியாது. தேவராசா முதலில் ஒரு பலகையோடு வந்து இறங்கினார். கறுப்பு நிறம், கத்தி மாதிரி மெலிசு. அத்தான் வீட்டு விறாந்தையில் அதைப் பட்டுத்துணியில் வைத்துப் பிரித்தார்.

“அண்ணை, உலகப் போட்டிக்காரர் நிக்கிற பலகை. விலையைக் கேட்டியள் எண்டால் மயங்கி விழுவியள்.”

அத்தான் அதைத் தூக்கி, விளிம்பில் பெருவிரலை ஓட்டி, அடிப்பக்கத்தைச் சூத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“தம்பி, உது இளந்தாரியளுக்கு. வேகமா இழுத்தாத்தான் உது மிதக்கும். நான் ஒரு மூடை நெல்லு. என்னை மெல்லத்தான் இழுக்கோணும். மெல்ல இழுத்தால் அகலப் பலகைதான் ஆளைத் தாங்கும்.”

“அகலப் பலகை மலிவண்ணை!”

“ஓம்.”

“மலிவுச் சாமானை நான் என்னெண்டு அண்ணை ஊருக்குக் கொண்டுவாறது? சனம் என்ன கதைக்கும்?”

அத்தான் பலகையில் பதித்திருந்த முன்சப்பாத்துக்குள் காலை விட்டுப் பார்த்தார். உள்ளே இன்னொரு காலுக்கும் இடமிருந்தது. தேவராசா தன் காலுக்கு அளவு பார்த்து வாங்கியிருந்தார். “பொருந்தாத பல்லுக்கட்டோடை கரும்பு கடிக்கேலாது, தம்பி,” என்று சொல்லி, பட்டுத்துணியால் திருப்பி மூடிவைத்தார்.

மகள் தன்னுடைய பழைய அகலப் பலகையை அனுப்பினாள். சப்பாத்து இறுக்கம், சரியான அளவு என்றால் அப்படித்தான் இருக்குமாம். யார் யாரோ கால் விட்ட அந்த றப்பர்ச் சப்பாத்துக்குள் பாத்திரம் கழுவுகிற சோப்பை ஊற்றி, அத்தான் காலைத் திணிப்பார். விரலிடுக்கால் நுரை சளிபோல் பிதுங்கும். அந்த மணத்தில் ஒரு வாரம் எங்கள் வளவுக் காகங்கள் சங்கானைக்குக் குடிபெயர்ந்தன.

பிறகு தேவராசாவிடமிருந்து படகு வந்தது. அதைப் படகு என்பது நல்லூர்த் தேரைத் தள்ளுவண்டி என்பது போல. அடிப்பக்கம் ஆழமாகக் கூர்ந்த கடற்படகு. பின்னால் காளைமாடுகள்போல் இரண்டு இயந்திரங்கள். உள்ளே மெத்தை ஆசனம், குளிர்பெட்டி, பாட்டுப்பெட்டி. தொண்டைமானாற்றில் அதை இறக்கியபோது தண்ணீர் பயந்து வல்லை வெளிப்பக்கம் ஓடியது.

எல்லாவற்றுக்கும் மேலே கல். எங்கள் ஆட்கள் எதைக் கொடுத்தாலும் கல் பதிக்காமல் கொடுக்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மலசலகூடம் கட்டிக் கொடுத்தாலும், வாசலில் பெற்றாரின் பெயரும் படமும் பொறித்த கறுத்த மாபிள் நிற்கும். அவசரத்தில் ஓடுகிறவன் அவர்கள் முகத்தில் முழித்துவிட்டுத்தான் உள்ளே குந்தவேண்டும். தேவராசா அந்த முறையை ஆற்றிலும் விட்டுக்கொடுக்கவில்லை. படகின் பின்பக்கம், இயந்திரங்களுக்குச் சற்று மேலே, தகப்பனும் தாயும் கறுத்தக் கல்லில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பிடித்து ஏற்றிய கல்.

“ஏன் தம்பி பின்னுக்கு?” என்று அத்தான் கேட்டார்.

“கயித்திலை வாறவர் பாத்துக்கொண்டு வரவேணுமெல்லோ அண்ணை! முன்னுக்கு வைச்சால் மீனெல்லோ பாக்கும்!”

நாடா வெட்டினார்கள், மாலை போட்டார்கள், இயந்திரத்துக்குச் சந்தனம் பூசினார்கள். அத்தான் தண்ணீரில் இறங்கினார். படகு புறப்பட்டது. பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்த படகு என்ன செய்யும்? தண்ணீரை உழுது இரு பக்கமும் வரம்பு போடும். மெல்ல ஓடினால் இன்னும் உயரமாகப் போடும். நான் கண்ட வரம்பு மூன்று மாடி. அதன் உச்சியிலிருந்து கச்சதீவு தெரிந்தது. அத்தான் எழும்பி, மிதவைப் பக்கம் திரும்பி, அந்த வரம்பில் மோதி, பலகை ஒருபக்கம் தான் ஒருபக்கமாகப் பறந்துபோய்ச் சேற்றுக்குள் விழுந்தார். தூக்கி எடுத்தபோது வாயெல்லாம் சாதாளை. அழுகிய பாசி, இறால் கோது, இன்னும் பெயர் சொல்லக்கூடாத சில. கெட்ட முழங்காலைப் பிடித்துக்கொண்டு கரையில் குந்தியிருந்து, ஒவ்வொன்றாகத் துப்பினார். துப்பி முடித்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, கல்லைக் கழட்டு.”

“அண்ணை! அது என்ரை அப்புவும் ஆச்சியும்!”

“உன்ரை கொப்புவின்ரை பல்லு முழுக்க நான்தான் பிடுங்கினது. மனுசன் ஒருநாளும் ஒருத்தருக்கும் பாரமா இருந்ததில்லை. கழட்டு.”

தேவராசா யோசித்தார். முகம் மலர்ந்தது. “பாரம் பின்னுக்கெண்டால் என்ன, முன்னுக்கு மாமா மாமியின்ரை கல்லையும் வைப்பம். சமனா வரும்.”

அத்தான் படகுச் சாவியைத் தேவராசாவின் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்பளிப்பைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் குடாநாட்டில் கொலையைவிட ஒரு படி மேல். நன்றி கெட்ட மனிதர், செத்தவர்களை அவமதித்தவர் என்று பேசினார்கள். அக்காவும் கொதித்தாள்.

“சேர்ச்சிலை ஒருத்தரோடையும் முகம் குடுத்துக் கதைக்கேலாமல் கிடக்கு. அந்தக் கல்லோடை உங்களுக்கு என்னப்பா கோவம்?”

“கல்லோடை ஒண்டுமில்லை ரஞ்சி. அலை ஏறுது.”

மாசி முடிந்து பங்குனியும் வந்தது. சோளகக் காற்று எழும்பிவிட்டால் ஆறு கலங்கும். அதற்குப் பின்னால் வைகாசி. அத்தான் கரையோரம் நடந்து நடந்து மீன்பிடிப் படகுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் குனிந்து தடவினார். கடைசியில் இறால் பிடிக்கிற சந்திரனின் படகில் கைவைத்து நின்றார்.

“ஐயா, உது நாறுமையா,” என்றான் சந்திரன்.

“அடி தட்டை. ஆள் பாரமில்லை. காணும்.”

நாறும் என்பது பணிவான சொல். அழுகிய இறால் தலை, மீன் செதில், பழைய டீசல் எல்லாம் அந்தப் படகில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன. அதன் மணத்தை வெட்டி விற்றிருந்தால் சந்திரன் கொழும்பில் மாடிவீடு வாங்கியிருப்பான். அத்தானுக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை. கயிற்றைப் பின்பக்கத்தில் கட்டினால் சறுக்குகிறவர் பக்கவாட்டில் இழுக்கும்போது படகின் வால் ஆடும் என்று, நடுப்படகில் ஓர் இரும்புக் குழாயை இறுக்கி நிறுத்தி அதில் கட்டுவித்தார். இழுபடாத கயிறாகத் தேடி எடுத்தார். வலை மிதவையொன்றுக்குச் சிவப்பு மை பூசி நங்கூரம் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓட்டுறவன் முன்னுக்குத்தான் பாக்கவேணும். பின்னுக்குப் பாக்க ஒராள் வேணும், மச்சான். நான் விழுந்தால் சொல்லவேணும்.”

“என்னை நம்பியோ அத்தான்?”

“கண் நல்லம்தானே,” என்றார்.

ஒரு விடியற்காலை போனோம். ஊர் எங்களோடு கோபம் என்றபடியால் கரையில் ஒரு நாய்கூட இல்லை. நான் இறால் தலைகளின்மேல், பின்பக்கம் பார்த்துக் குந்தினேன். புறப்பட்ட உடனேயே, குடித்த தேத்தண்ணி முழுவதையும் சத்தி எடுத்தேன். நான் எடுத்த சத்தியில் ஆற்றின் மட்டம் உயர்ந்து மதகைத் திறக்கவேண்டி வந்தது. முதல் இழுவையில் அத்தான் எழும்பவில்லை. இரண்டாவதில் எழும்பி, உடனே குப்புற விழுந்தார். நான் “விழுந்திட்டார்!” என்று கத்த, சந்திரன் திருப்பிக்கொண்டு போனான். அத்தானின் உதடு நீலம் பாரித்திருந்தது. “காணும் அத்தான், போவம்,” என்றேன். “இன்னொருக்கா,” என்று கயிற்றைப் பிடித்தார்.

பிறகு நடந்ததை அன்று காலையே அக்காவிடம் சொன்னேன். அவள் பிட்டை அவித்துக்கொண்டே, “ஓமோம்,” என்றாள். சந்தியில் சொன்னேன், தேத்தண்ணிக்கடையில் ஒருவர் சிரித்துப் புரைக்கேறி இருமினார். அத்தானிடம் நேரே கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “மச்சான் பாத்தவர்.” அதோடு கதை முடிந்துவிடும். வைகாசியில் முழங்காலை மாற்றினார்கள். அதற்குப் பிறகு பொல்லை ஊன்றி வாசல்வரை நடந்தார். இந்தக் கதையை அவர் திரும்ப எடுக்கவே இல்லை.

அத்தான், போட்டு வாருங்கோ. நீங்கள் இருக்கிற இடத்தில் தண்ணீர் தட்டையாக இருக்கட்டும். படகில் ஒருவரின் பெயரும் இல்லாமல் இருக்கட்டும்.

இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களே, மேலே எழுதியதில் எதை வேண்டுமானாலும் வெட்டி எறியுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மூன்றாவது இழுவையில் அவர் எழும்பி நின்றார். சந்திரன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். தட்டை அலையைக் குறுக்கே வெட்டி, உடம்பைச் சரித்து, சிவப்பு மிதவைக்கு அந்தப் பக்கத்தால் போய், அதைச் சுற்றித் திரும்பி வந்துதான் விழுந்தார். சுற்றும்போது மிதவை அவருக்கும் படகுக்கும் நடுவில் நின்றது. அது உண்மை.