அந்தோனியார் பெட்டியில் போட்ட அழைப்பாணை

அந்தோனியாரை நம்பி வந்திருக்கும் சகோதரங்களே, நீதிமன்ற அழைப்பாணையைக் கொண்டுபோய் மன்றாட்டுப் பெட்டியில் போட்ட பைத்தியக்காரி நான்தான்.

என் கணவர் சூசை, முருங்கன் ஊர் முதலாளி ஒருவரிடம் கடன் வாங்கித்தான் வள்ளம் கட்டினார். பிணைக்கு நான் கையொப்பமிட்டேன். நாட்டுச் சண்டையில் கடல் தொழில் படுத்துவிட்டது. தான் முதலில் போய் இடம் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி, வேறொருவரின் படகில் அகதியாகக் கடலுக்கு அக்கரைக்குப் போனார். இரண்டு வருடமாகக் கடிதமே இல்லை. எங்கள் பேசாலைக் கரையில் அவருடைய நீல வள்ளம் மட்டும் கிடந்தது. தினமும் போய் அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

அப்போதுதான் முதலாளி பிணை நின்ற என்மேல் வழக்குப் போட்டார். தோற்றால் வள்ளம் ஏலத்துக்குப் போகும் என்றார்கள்.

கோயிலில் செவ்வாய் நவநாள் பூசைக்கு மன்றாட்டுச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். பெயர், விலாசம், கடன் எல்லாம் அந்த அழைப்பாணையிலேயே இருக்கிறது, இனி நான் எதை எழுதுவது? அதையே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பாரம் இறங்கியவளாக வீட்டுக்கு வந்தேன். வழக்குக் கூப்பிடும் தவணை நாளில் நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணமே எனக்கு இல்லை.

அடுத்த செவ்வாய் பூசையில் பங்குச் சுவாமி சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு தாளை விரித்தவர் வாசிக்காமல் அங்கிப் பைக்குள் வைத்தார். பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதுக்கு அந்தோனியார் மறுமொழி போடேலாது. நீங்கள்தான் போடவேணும். வெள்ளிக்கிழமை தவணை."

நான் போகாவிட்டால் முதலாளி கேட்டபடியே தீர்ப்பாகிவிடுமாம். மறுநாளே சுவாமி என்னைக் காசு வாங்காத ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போனார். வெள்ளிக்கிழமை மன்னார் நீதிமன்றத்தில், செபமாலையை முந்தானைக்குள் பிடித்தபடி நின்றேன். வள்ளத்தை விற்றுக் கடனைத் தீர்க்கலாமே என்று நீதிபதி கேட்டார்.

"ஐயா, கடன் உண்மை. கருவாடு போட்டெண்டாலும் கட்டுறன். வள்ளத்தை மட்டும் விடுங்கோ. அவர் வந்து இறங்கினால் முதல் அதைத்தான் தேடுவார்."

முதலாளி குனிந்துகொண்டார். பிறகு தன் சட்டத்தரணியின் காதில் ஏதோ சொன்னார். மாதாமாதம் சிறுகக் கட்டினால் போதும் என்று இணக்கமானது. அந்த நிமிடம் அந்தோனியார் என் பக்கத்தில் நின்றார். இதை நான் எங்கும் சொல்வேன்.

மூன்று வருடத்தில் கட்டி முடித்தேன். உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு தாள் வந்தால் ஒளிக்காதீர்கள். முழங்காலில் நின்று மன்றாடுங்கள், பிறகு எழுந்து தவணைக்குப் போங்கள். அந்தோனியார் கூடவே வருவார்.

சூசை இன்னும் வரவில்லை. செவ்வாய்தோறும் சீட்டில் அவர் பெயரை மட்டும் எழுதிப் போடுகிறேன். வள்ளத்துக்கு இந்த வருடமும் அதே நீலம்தான் அடித்தேன்.