தர்சினியும் பச்சைப் பொத்தானும்

தர்சினிக்குக் கொழும்பில் பல் பிடுங்கியது என்றுதான் இணுவிலில் அந்த ஒழுங்கைச் சனம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அவள் போனது ஜேர்மன் பாஷைப் பரீட்சை எழுத. புருஷன் இருக்கிற ஜேர்மனிக்குப் போவதென்றால் அந்தப் பாஷையில் முதற்படியாவது தெரியும் என்று காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விசாக் கதையைப் பிளேன் ஏறும்வரை இந்தப் பக்கத்தில் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். சொன்னால் கண்ணூறு பட்டுக் காரியம் கெட்டுவிடும். அதனால் மாமியார் செல்வநாயகிதான் வழி சொல்லிக் கொடுத்தார்.

"பல்லெண்டு சொல்லு பிள்ளை. வாயைத் திறந்து ஆர் பாக்கப்போகினம்?"

பரீட்சையில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு வந்தது. அறுபது எடுத்தால்தான் தேர்ச்சி. வாசிப்பதையும் எழுதுவதையும் ஒருவாறு ஒப்பேற்றிவிட்டாள். பேசுவதைக் காதால் கேட்டு விடை எழுதும் இடத்தில்தான் விழுந்தாள். இதை யாரிடம் சொல்லி அழுவது? பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இப்ப பல்லு எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டபோது, கன்னத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் அழ முடிந்தது. அந்த அளவில் சின்னத்தங்கம் உபகாரம்தான்.

கலியாணம் முடிந்து மூன்று வருடம். பிரவீணன் வந்து நின்றது எல்லாமாக நாற்பத்தொரு நாள். மீதி நாளெல்லாம் போன் திரைக்குள் இருக்கிற புருஷன்தான். மாமியாருக்குத் துணையாக இணுவிலிலேயே இருந்துகொண்டு, கொக்குவிலில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடக்கும் ஜேர்மன் வகுப்புக்குச் சைக்கிளில் போய் வந்தாள். சொற்களைப் பாடமாக்க அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மிஞ்சிப்போன தன் கலியாண அழைப்பிதழ்களை நாலு நாலாக வெட்டி மட்டைகள் செய்திருந்தாள். வெறும் பக்கத்தில் ஜேர்மன் சொல். மறுபக்கத்தில், பொன் எழுத்துக்களுக்கு இடையில் கிடைத்த இடத்தில் தமிழ். 'சாவி' என்ற சொல் பிரவீணனின் பாதிப் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. அப்படி முந்நூறு மட்டைகள், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்.

அந்த ரின்னோடு அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். அப்போதுதான் நிவேதனா வந்து சேர்ந்தாள்.

பிரவீணனின் தம்பி நிரோஜனும் ஜேர்மனியில்தான். மாசி மாதம் வந்து, உடுவிலில் நிவேதனாவைக் கலியாணம் முடித்துவிட்டுத் திரும்பிப் போனான். நிவேதனா தாய் தகப்பனோடு உடுவிலிலேயே இருந்தாள். நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலிஷ் சரளம், வயது இருபத்திமூன்று. தர்சினியை விட ஆறு வயது குறைவு. அதே கொக்குவில் வகுப்புக்கு வந்து அதே வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்தாள். முதல் நாளே பிஸ்கற் ரின்னைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்கள் இன்னும் மட்டையிலையே படிக்கிறீங்கள் அக்கா? பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல் தர்சினியின் நெஞ்சுக்குள் முள்ளாகப் போய் நின்றது. பிள்ளை நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும். முள் முள்தானே.

நிவேதனாவின் போனுக்குள் ஒரு செயலி இருந்தது. போனுக்குள் கிடக்கிற சீட்டுக்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஜேர்மன் சொல் வரும். அர்த்தத்தை மனதுக்குள் சொல்லிவிட்டுத் தொட்டால் சீட்டு மறுபக்கம் திரும்பும். ஜேர்மன்காரி ஒருத்தி அந்தச் சொல்லை வாயால் சொல்லியும் காட்டுவாள். பிறகு கீழே மூன்று பொத்தான்கள். தெரியாது என்றால் சிவப்பு. கஷ்டப்பட்டு ஞாபகம் வந்தால் மஞ்சள். தண்ணீர் பட்ட பாடு என்றால் பச்சை.

அன்று பின்னேரமே தர்சினி அந்தச் செயலியைத் தவிர மற்றதெல்லாம் தேடினாள். 'அவள் வைத்திருக்கிறதை நான் ஏன் வைத்திருக்க வேண்டும்?' ஒன்று குழந்தைப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி ஆப்பிளும் யானையும் காட்டிப் பாட்டுப் பாடியது. இன்னொன்று அர்த்தத்தை இங்கிலிஷில் கேட்டது. அவளுக்கு இங்கிலிஷே அரைகுறை. மூன்றாவது, ஐந்து சொல்லுக்கு ஒரு தடவை சப்பாத்து விளம்பரம் போட்டது. மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு, வெட்கத்தை விட்டு நிவேதனாவின் செயலியையே இறக்கினாள். ஆனால் இலவசமாகக் கிடைத்தது நாளுக்கு இருபது சொல் மட்டும். அதுவும் சத்தம் இல்லாமல். அவள் விழுந்ததே காதால் கேட்கிற இடத்தில்தானே? பிரவீணனுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை தம்பி தன்ரை மனுசிக்குக் காசு கட்டி எடுத்துக் குடுத்திருக்கிறார். அது கதைக்குது. என்ரை ஊமையாக் கிடக்கு."

"நல்லது தானே. ஒரு வீட்டிலை ரெண்டும் கதைச்சா ஆர் கேக்கிறது?"

"பகிடி விடாதேங்கோ."

"சரி சரி. பாக்கிறன்."

மறுநாள் பிரவீணன் செய்து முடித்துவிட்டான். "குடும்பப் பொதி எண்டு ஒண்டு கிடக்கு. ஆறு பேர் பாவிக்கலாம். தம்பி தனியக் கட்டினதை நிப்பாட்டச் சொல்லிட்டன். நிவேதனாவையும் எங்கடை பொதிக்குள்ளை சேர்த்தாச்சு."

தர்சினி போனைப் பார்த்தாள். குரல் வந்திருந்தது. சொற்களுக்கு அளவு இல்லை. மேல் மூலையில் 'குடும்பம்' என்று ஒரு பக்கமும் வந்திருந்தது. அதில் இரண்டு பெயர்கள், பக்கத்தில் அவரவர் பாடமாக்கிய சொற்களின் எண்ணிக்கை. நிவேதனா 240. தர்சினி 0. மூன்று வருடத்தில் புருஷனிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய முதல் பொருள். அதற்குள்ளும் அவள் வந்து, தனக்கு மேலே ஏறி இருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் அந்தப் பக்கத்தில்தான் விடிந்தது. கந்தசுவாமி கோயில் மணி அடிக்கும்போது செல்வநாயகி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருப்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். பஸ் நம்பரும் போன் நம்பரும் வாசித்துப் பழகியவர்.

"இண்டைக்கு என்ன கணக்கு? எங்கை காட்டு. நானூற்றிப் பத்து... உது ஆர்?"

"நிவேதனா."

"நீ?"

"முந்நூற்றி எண்பத்தெட்டு."

"ம். சின்னவள் கெட்டிக்காரிதான்."

செல்வநாயகிக்கு வஞ்சகம் தெரியாது. வெங்காயம் எத்தனை பிடி கட்டியாயிற்று என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். பின்னேரம் இரண்டு மகன்களுக்கும் போனில் அதே இலக்கங்களை அப்படியே ஒப்புவித்தார். ஆனால் அந்தச் 'சின்னவள் கெட்டிக்காரி' அன்று தர்சினிக்குச் சோறு இறங்க விடவில்லை. நிவேதனா முதலில் தேறுவாள், முதலில் விசா வரும், முதலில் பிளேன் ஏறுவாள். நான் இங்கே கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்பேன். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோடம்பழம் என்கிற ஆரஞ்சுக்கு உரிய ஜேர்மன் சொல் வந்தது. அர்த்தம் நினைவுக்கு வரவில்லை. விரல் சிவப்புக்குப் போகாமல் பச்சைக்குப் போனது. எண்ணிக்கை ஒன்று கூடியது. அடுத்தது 'படிக்கட்டு'. அதுவும் தெரியாது. அதற்கும் பச்சை. கை பழகிவிட்டால் பிறகு என்ன, வெங்காயம் உரிக்கிற வேகத்தில் சீட்டுகள் போயின. இரண்டு கிழமையில் தர்சினி தொள்ளாயிரம். நிவேதனா ஐந்நூற்றிப் பன்னிரண்டு. சில நாள் திறந்தால், 'இன்று சீட்டுகள் இல்லை' என்று ஒரு பலூன் பறந்தது. எல்லாம் முடித்துவிட்டேன் என்று அவளே நம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நிவேதனா கோயிலுக்கு வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது.

"அக்கா, நீங்கள் எத்தினை மணிக்கு எழும்பிப் படிக்கிறனீங்கள்?"

"நாலு மணிக்கு," என்றாள் தர்சினி. அவள் ஆறுக்கு முன் எழும்பியதே இல்லை.

"நான் மூண்டரைக்கு எழும்பிப் பாத்திட்டன். ஏறுதில்லை. இவர் ஒவ்வொரு நாளும் 'அண்ணியைப் பாரும், அண்ணியைப் பாரும்' எண்டு ஏசுறார். நேற்று போனை வைச்சிட்டு அழுதனான்." நிவேதனா சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். "நான் இந்தமுறை எழுதேல்லை அக்கா. நீங்கள் எழுதுங்கோ. நான் அடுத்த தவணை."

"ஏன், எழுதலாமே," என்று தர்சினி வாயால் சொன்னாள். மனதுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். இதை மறைத்து என்ன பலன்? உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பாயசம் திங்கட்கிழமை வரைதான் இனித்தது. வகுப்பில் ஜெயனி ரீச்சர், நிவேதனா வாயால் கேள்விப்பட்டு, "தொள்ளாயிரம் சொல் தெரிஞ்ச ஆள் எழும்பும் பாப்பம்," என்று சிரித்துக்கொண்டு எழுப்பிவிட்டார். தோடம்பழம் கேட்டார். படிக்கட்டுக் கேட்டார். சாவியைக் கேட்டார். சாவி மட்டும் வந்தது. அது பிஸ்கற் ரின்னில் இருந்த சொல். மற்ற இரண்டுக்கும் தர்சினி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ரீச்சர் அவளுடைய போனை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் பச்சை அமத்தியிருக்கிறீர்."

"ஓம் ரீச்சர்."

"பச்சை அமத்தினா என்ன நடக்கும் எண்டு தெரியுமோ? உமக்குத் தெரிஞ்ச சொல்லை அது தள்ளிப்போடும். தெரியாத சொல்லைத்தான் திரும்பத் திரும்பக் கொண்டுவரும். இந்தத் தோடம்பழத்தை இனி எப்ப காட்டும் எண்டு பாரும்."

தர்சினி பார்த்தாள். தை மாதம் இருபதாம் திகதி. பரீட்சை ஆவணியில், நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு. அதற்கு இன்னும் முப்பத்தொரு நாள்தான்.

"உமக்குத் தெரியும் எண்டு நீர்தான் சொன்னனீர். அது உம்மை நம்பிட்டுது," என்றார் ரீச்சர். "இப்ப ஒரு வழிதான் கிடக்கு. எல்லாத்தையும் அழிச்சுப் புதிசாத் துவங்க வேணும். கணக்கு பூச்சியத்துக்கு வரும். பரவாயில்லைத்தானே?"

ரீச்சருக்கு என்ன தெரியும், அந்தப் பூச்சியத்தை எத்தனை கண் பார்க்கும் என்று? தர்சினி வீட்டுக்கு வந்து பிஸ்கற் ரின்னைத் திறந்தாள். தொள்ளாயிரத்தை அப்படியே விட்டுவிட்டு மட்டையில் படித்தால் யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் அப்படிச் செய்தும் பார்த்தாள். மட்டை வாய் திறக்கவில்லை. போன முறை அவளைக் கவிழ்த்ததே அந்த இடம்தான். மூன்றாம் நாள் விடிய, பிரவீணனின் பாதிப் பெயர் இருந்த மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். பிறகு போனை எடுத்து, ரீச்சர் காட்டிய இடத்தை அமத்தினாள்.

செல்வநாயகி தேத்தண்ணியோடு வந்தார்.

"என்ன இது? கீழை ஒரு முட்டை கிடக்கு, உன்ரையோ? போன் பழுதோ?"

'ஓம் மாமி, பழுது' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பழுதில்லை மாமி. நான் பொய் சொன்னனான்."

"ஆருக்கு?"

"போனுக்கு."

செல்வநாயகி யோசித்தார். "போனுக்குப் பொய் சொன்னா என்ன பிள்ளை? அதென்ன சாமியோ?" என்று தேத்தண்ணியை நீட்டினார். "குடி. ஆறுது."

பத்து நிமிடத்தில் நிவேதனாவிடமிருந்து போன் வந்தது. "அக்கா, உங்கடை கணக்கு பூச்சியமா நிக்குது."

தர்சினி எல்லாவற்றையும் சொன்னாள். பச்சையைச் சொன்னாள், நாலு மணியைச் சொன்னாள், பாயசத்தை மட்டும் சொல்லவில்லை.

"என்னை அழ வைச்சனீங்கள் அக்கா."

"ஓம்."

"இவரிட்டைச் சொல்லட்டே?"

"சொல்லும்."

"நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டார்." போன் வைபட்டது. தர்சினி நிரோஜனுக்கு எடுத்துச் சொன்னாள். அவள் வாழ்க்கையில் எடுத்த போன்களுக்குள் அதுதான் நீளமானது. உண்மையில் இரண்டு நிமிடம்தான். அதற்குப் பிறகு நிவேதனா பத்து நாள் அவளோடு கதைக்கவில்லை. வகுப்பில் அடுத்த வாங்குக்கு மாறி இருந்தாள். ஆனால் பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். எண்ணிக்கையும் ஏறத் தொடங்கியது. தர்சினி சிவப்பை அமத்தினாள், திரும்பவும் சிவப்பை அமத்தினாள். தோடம்பழம் ஒரே நாளில் ஏழு தரம் வந்து முகத்தில் அடித்தது. இப்போது அவள் உண்மையாகவே நாலு மணிக்கு எழும்பினாள். எழும்பியதும் முதலில் பார்த்தது தன் கணக்கை அல்ல, நிவேதனாவின் கணக்கைத்தான். அந்த வியாதி மட்டும் மாறவில்லை.

கொழும்புக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு ஏறியபோது, நிவேதனா தன் போனின் காதுக்கம்பியில் ஒரு பக்கத்தைக் கழற்றித் தர்சினியிடம் நீட்டினாள். வவுனியா தாண்டும் வரைக்கும் ஆளுக்கு ஒரு காதில் ஜேர்மன்காரி பேசிக்கொண்டு வந்தாள்.

முடிவு மூன்று கிழமையில் போனுக்கு வந்தது. நிவேதனாவும் தன்னுடையதை அனுப்பியிருந்தாள். செல்வநாயகிதான் இலக்கங்களை வாசித்தார்.

"எழுபத்தொண்டு. நீயோ? அறுபதைத் தாண்டிட்டாய் பிள்ளை." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சின்னவளுக்கு எண்பத்திமூண்டு."

தர்சினி முற்றத்தில் நின்று பிரவீணனுக்குச் சொல்லி அழுதாள். சந்தோஷ அழுகைதான். ஆனாலும் இடையில் ஒரு தரம், "எண்பத்திமூண்டாம்," என்றாள்.

"பாஸ் எண்டா பாஸ்தானேயப்பா. விசாக்காரன் புள்ளி கேக்கமாட்டான்."

"அது தெரியும்."

சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். "திரும்பவும் கொழும்புக்குப் போனனியாம் பிள்ளை? இந்தமுறை உடுவிலாளையும் கூட்டிக்கொண்டு போனனியாம். ரெண்டு பேருக்கும் ஒரே பல்லு வருத்தமோ?"

"ஓம் அக்கா," என்றாள் தர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்குத்தான் கூடுதலா நொந்தது."