பியூஸ் போடாத நீல வெளிச்சம்

தரையை ஒட்டுமளவு உயரம் தாழ்த்திய என் காருக்கு அடியில் நீல எல்ஈடி லைட்டை நானே பூட்டினேன்.

“பற்றரியில இருந்து நேரே கரண்ட் குடுக்காத மச்சான், பியூஸ் ஒண்டு போடு” என்றான் நண்பன் நிரோஷன்.

“நான் இன்ஜினியரிங் படிக்கிறன்டா, நீ எனக்குச் சொல்லித்தாறியா?”

மறுநாள் கொழும்பு பாமன்கடைச் சந்திக்கருகில் வேகத்தடை ஏறும்போது காரின் அடி உரசி வயர் நசுங்கியது. லைட்டின் சுவிட்சை வைத்திருந்த டாஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை கிளம்பியது. பின்சீற்றில் ஏழு வயதுத் தங்கச்சி.

“அண்ணா, கதவு திறக்குதில்ல.”

உள்ளிருந்து திறக்க முடியாதபடி அந்தக் கதவுக்குச் சைல்ட் லொக் போட்டதும் நான்தான். இறங்கி ஓடினேன். வெளியிலிருந்து கதவைத் திறந்தேன். அவளை வெளியே இழுத்தெடுத்த பிறகு, முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் பொனட்டைத் திறக்கச் சொல்லி, பற்றரி வயரைப் பிடுங்கினார்.

இப்போது பற்றரியோடு ஒட்டியே பியூஸ் இருக்கிறது. வயரையும் அடியில் உரசாதபடி மேலே ஏற்றிவிட்டேன். ஆனாலும் தங்கச்சி குனிந்து காருக்கடியில் பார்க்காமல் ஏறுவதில்லை. நானும்தான்.