முத்திரை வைத்த மிட்டாய்

எட்டு வயதில் நான் ஒரு கோர்ட்டு ஆதாரத்தைத் தின்றுவிட்டேன்.

அப்போது தூத்துக்குடியில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி அவர். வீட்டின் முன்பக்கமே மிட்டாய்க்கடை. யுத்தம் முடிந்து சீனி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. மாதா கோயில் திருவிழாவுக்காகத் தட்டுத் தட்டாகச் சிவப்பு மிட்டாய் போட்டிருந்தார். அந்தச் சிவப்பு, நூலுக்குச் சாயம் போடுகிறவரிடம் வாங்கிய பொடி. பலகாரத்துக்கென்று விற்ற பொடி யுத்தத்தில் வராமல் போனபோது பிடித்த பழக்கம், பிறகும் விடவில்லை.

ஒருநாள் நகராட்சி சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். மிட்டாயை மூன்று பங்காக்கி, மூன்று சீசாக்களில் போட்டு, அரக்கு முத்திரை வைத்தார். ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று ஆபீசுக்கு, ஒன்று மாமாவுக்கு. முடிவு பாதகமாக வந்தால் மறுத்து வாதாட மாமாவுக்கு அதுதான் ஆதாரம், பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றார்.

"ஒரு சட்டிப் பாகுக்கு ஒரு சிட்டிகைதான் சார் போடுதோம். அதுல யாருக்கு என்ன ஆயிரப் போவுது?" என்றார் மாமா.

"அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது அண்ணாச்சி. அதுக்குத்தான் அனுப்புதோம்."

மாமா சீசாவைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். சர்க்காரே முத்திரை வைத்த மிட்டாய் என்றால் ருசி தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று என் புத்தி முடிவு கட்டியது. மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்து, எல்லோரும் கண்ணயர்ந்தபோது, ஆணியால் அரக்கைப் பெயர்த்துச் சீசாவைக் காலி செய்தேன். வழக்கமான மிட்டாய்தான். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

சிவந்த நாக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. மாமா சீசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஏளா, எத்தன தின்ன? வயிறு வலிக்கா?"

மாமா கடையை அடைத்துவிட்டு, மோரைக் குடிக்க வைத்து, பொழுது சாயும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடமும் இல்லை, அடியும் இல்லை என்று சந்தோஷமாகப் படுத்திருந்தேன்.

மறுநாள் கடற்கரையில் குழி தோண்டி, சிவப்பு மிட்டாயையும் பொடியையும் புதைத்தார். திருவிழாவில் வெள்ளை மிட்டாய் மட்டும் விற்றார். பரிசோதனை முடிவு துணிச்சாயம் என்று வந்தது. மாமா கோர்ட்டில் வாதாடாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தார்.

என்னால்தான் அவர் தோற்றார் என்று வெகுநாள் வருந்தினேன். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அதுவரை தன்னிடம் மிட்டாய் வாங்கித் தின்ற ஊர்ப்பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டிருப்பார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.