சோளத்துக்கு இரண்டு போர்வை

மெல்பர்னில் எங்கள் மல்கிரேவ் வீட்டில் அந்த வருடக் குளிருக்கு எனக்கு ஒரு போர்வை, சோளத்துக்கு இரண்டு. இந்த அநியாயத்தைக் கேட்க ஆளில்லை.

அப்பாவின் அக்காவான அத்தை, கோவில்பட்டிப் பக்கமிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார். எதிர்வீட்டு இத்தாலியப் பெரியவர், துடைப்பம் கட்டவென்று தன் அப்பா காலத்திலிருந்து காத்துவந்த விதையை ஒருநாள் காட்டினார். அத்தை அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "எலே தம்பி, இது நம்ம சோளம்லா" என்றார் அப்பாவிடம். மக்காச்சோளம் அல்ல, சோறு பொங்கும் சோளம்.

மண் சூடு பிடித்ததும் பின்பக்கத் தோட்டத்தில் விதைத்தார். மெல்பர்ன் கோடை அவசர விருந்தாளி. வந்த வேகத்தில் செருப்பைத் தேடும். ஏப்ரலில் அத்தைக்கும் விமானம். அதற்குள் ஒரு கதிராவது முற்றிவிட வேண்டும், ஒரு பிடிச் சோளமாவது ஊருக்குப் போகுமுன் பொங்கித் தின்ன வேண்டும் என்பது அவர் பிடிவாதம். மார்ச்சில் கோடை முடிந்து குளிர் எட்டிப் பார்த்ததும் சாயங்காலந்தோறும் பயிரைச் சுற்றிப் போர்வை கட்டினார். ஒருவழியாகக் கதிர் வந்து பால் பிடித்தது.

ஒரு சனிக்கிழமை காலை, பயிரின் அடியில் புதிதாக விட்டிருந்த குருத்தைப் பிடுங்கி, கரும்பென்று நினைத்து மென்று விழுங்கினேன். புல் மாதிரிதான் இருந்தது. மதியச் சாப்பாட்டில் அத்தை அம்மாவிடம் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சோளக்குருத்துல மட்டும் மாட்டை வாய் வைக்க விடக்கூடாதுத்தா. எங்க கன்னுக்குட்டி காலையில தின்னுச்சு. பொழுது சாயுறதுக்குள்ள போயிருச்சு."

தயிர்சாதம் என் தொண்டையில் நின்றது. நாக்கு மரத்தது. கால் ஜில்லிட்டது, சாக்ஸ் போடாததை யோசிக்கும் நிலையில் நான் இல்லை. தங்கையிடம் என் கிரிக்கெட் மட்டையை ஒப்படைத்தேன்.

"வொய்?" என்றாள்.

"எனக்கு இனிமே தேவைப்படாது."

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். பந்தையும் கேட்டாள். அதில்தான் உடைந்துபோய் அத்தையிடம் ஓடினேன்.

குருத்து என்ற சொல்லை முடிக்கவில்லை. அத்தையின் விரல் என் தொண்டைக்குள் இருந்தது. தயிர்சாதம் வந்தது, சாவு வரவில்லை. அம்மா போனில் கேட்ட டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் சோபாவில் ராஜாவாகச் சாய்ந்து டோஸ்ட் கடித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் சரக் சரக்கென்று சத்தம். அத்தை சோளத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சே. கதிர் முத்த இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார் அப்பா.

"மருமவன் வாய் சும்மா இருக்காதுலே" என்று அத்தை அடுத்த சோளத்தட்டையைப் பிடித்தார்.

ஒன்றுகூட மிஞ்சவில்லை. உயிர் பிழைத்த தெம்பில் நான் வாசற்படியில் நின்று கேட்டது ஒன்றுதான்: "அப்போ அந்தப் போர்வை ரெண்டும் எனக்கா, அத்தை?"

கொடியில் கிடந்த இரண்டையும் உருவி, மண் கையோடு என்மேல் சுற்றினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வெயில் இப்படி அடிக்கும்போதுகூட அத்தைக்கு மெல்பர்ன் குளிர் தாங்கவில்லையே, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.